மூன்றாம் சாடி

பதினோரு மணிக்கு வந்துவிடுவார்கள், இப்போது ஒன்பதே முக்கால், குழிக்குள் நான் மட்டும்தான், கையில் பெயின்ட் அடிக்கிற தூரிகை, தரையைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் இந்த அகழாய்வை நடத்துகிற இசக்கி மேடம், மண் தரையைக் கூட்ட ஒரு மேஸ்திரியா என்று வேறு நாளாயிருந்தால் கேட்டிருப்பேன், இன்றைக்குக் கேட்கவில்லை, வாயைத் திறந்தால் வேறெதுவோ வெளியே வந்து விழுந்துவிடும் என்று பயம். பயம் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. ஐம்பத்துமூன்று வயது. ஒரு காலத்தில் கம்பம் மார்க்கெட்டில் என் குரல் கேட்டால் லாரிக்காரன் வாயிலிருக்கிற பீடியைக் கீழே போடுவான். திராட்சைப் பெட்டியை முகர்ந்தே எந்தத் தோட்டம், எத்தனை நாள் முந்தி வெட்டியது என்று சொல்லுவேன், சொல்லிவிட்டு அடிமட்ட விலை கேட்பேன், தோட்டக்காரன் அழுவான், பிறகு கொடுப்பான். அப்படிப்பட்டவன் இந்தப் பத்தடிக் குழியில் ஒரு மண்பானைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறேன். மூன்று சாடிகள், கழுத்து வரை மண்ணுக்குள், வாய் மட்டும் வெளியே, ஒன்று, இரண்டு, மூன்று. முதல் இரண்டையும் சுற்றிக் கூட்டியாகிவிட்டது. மூன்றாவதின் பக்கம் போகும்போதெல்லாம் தூரிகை தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. அதன் வாய் என்னைப் பார்த்தபடி இருக்கிறது. இல்லை, வாய் எங்கே பார்க்கும், வாய் பேசும், அதுதான் இப்போது பிரச்சினை, அது பேசிவிட்டது, மெட்ராசில் ஏதோ கண்ணாடிக் குழாய்க்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசிவிட்டது, ஆனால் பொய்யாகப் பேசிவிட்டது, அந்தப் பொய்யை அதன் வாயில் ஊற்றியவன் நான்.

இந்த இடத்துக்குச் சாவடிமேடு என்று பேர். ஏன் அந்தப் பேர் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது, மேடம் வந்து சொல்லித்தான் தெரியும். ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு வருஷம் முந்தி இதுதான் எல்லை, இதற்கு மேல் மலை, மலைக்கு அந்தப் பக்கம் வேறு ராஜா, இங்கே சுங்கம் வாங்குகிற சாவடியும் கொஞ்சம் குதிரைப்படையும் கொஞ்சம் வியாபாரிகளும் இருந்திருக்கிறார்களாம். முதல் வருஷம் தோண்டும்போது குதிரை லாடமும் எடைக்கல்லும் கிடைத்தன. இரண்டாம் வருஷம் சுண்ணாம்பு பூசின தொட்டி ஒன்று, முழங்கால் ஆழம், அதன் ஒரு மூலையில் ஓட்டை, ஓட்டையிலிருந்து வாய்க்கால், வாய்க்கால் முடிகிற இடத்தில் இந்த வருஷம் இந்தச் சாடிகள். மேடம் அந்தத் தொட்டிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்று, "மிதிச்சிருக்காங்க மேஸ்திரி, காலால மிதிச்சிருக்காங்க, பாத்தியளா" என்றபோது அவர் குரலில் அவர் ஊர்ப் பேச்சு எட்டிப்பார்த்தது, சந்தோஷம் வந்தால் திருநெல்வேலி வந்துவிடும் அவருக்கு. எதை மிதித்தார்கள் என்பதுதான் கேள்வி. இலுப்பைப் பூவாக இருக்கலாம், ஏதோ ஒரு காட்டுப் பழமாக இருக்கலாம். மேடத்துக்கு மனசுக்குள் திராட்சை. மலைக்கு அந்தப் பக்கத்துத் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தவன் எவனோ கொடி கொண்டு வந்து எல்லைப் படைக்குப் பயிரிட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்று. இதைப் போன வருஷம் தொட்டி கிடைத்தபோது ஒரு கூட்டத்தில் சொன்னாராம். பெரிய ஆள் ஒருவர் எழுந்து, ஒரு தொட்டி இருந்தால் மதுவா, நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டாராம். மண்டபம் முழுக்கச் சிரித்ததாம். அதை என்னிடம் சொல்லும்போது மேடமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையிலிருந்த ஓட்டுச் சில்லை இரண்டாக உடைத்துவிட்டார், உடைத்தது அவருக்கே தெரியவில்லை. ஓட்டுச் சில்லைக் குழந்தை மாதிரி பஞ்சில் வைக்கிற பொம்பளை.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா. எர்ணாகுளம் மண்டியில் இருபது வருஷம் முந்தி என் பெட்டிகளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள், மேலே நல்ல கொத்து, அடியில் அழுகல். நான் வைக்கவில்லை. சத்தியமாக நான் வைக்கவில்லை, பெட்டி கட்டினவன் வைத்தான், அல்லது வழியில் எவனோ மாற்றினான், யாராக இருந்தாலும் பெட்டியில் என் முத்திரை. கவிழ்த்தவனை அறைந்தேன். அறைந்ததும் எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது, பொய்க்காரனுக்குத்தான் கோபம் வரும் என்று. அன்றைக்கு மண்டியில் சிரித்தார்களே அந்தச் சிரிப்பு கம்பத்துக்கு எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. அடிப்பெட்டி ஒச்சப்பன் என்றே பேராயிற்று எனக்கு. எட்டு வருஷம் ஒருத்தன் எனக்குச் சரக்கு கொடுக்கவில்லை. தோட்டத்துக்காரர்கள் என்னைப் பார்த்தால் ஏதோ வேலை இருப்பதுபோல வேலிக்கு அந்தப் பக்கம் போவார்கள். பிறகுதான் ரோடு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற மேஸ்திரியானேன், பிறகு இந்த மண் தோண்டுகிற வேலை. ஒச்சப்பா, இப்போது எதற்கு அது, தரையைக் கூட்டு. வடக்கிலிருந்து தெற்காக, சுவரைத் தொடாமல், மண் புகை கிளம்பாமல். மண் குளிர்ச்சியாக இருக்கிறது, மேலே வெயில் ஏறிவிட்டது, சாரல் காற்று தார்ப்பாயைத் தூக்கி அடிக்கிறது, ஒவ்வொரு அடியும் ஜீப் கதவு சாத்துகிற சத்தம்போலக் கேட்கிறது.

மகாவீரர் ஜெயந்தி. அந்த ஒரு நாள் மட்டும் அரசாங்கக் கடை திறந்திருந்தால். அந்த மனுஷன் எறும்பைக்கூட மிதிக்கக் கூடாது என்றாராமே, அவர் பிறந்த நாளைக்குப் பிராந்திக்கடையைச் சாத்தி என்னை மிதித்துவிட்டார்கள். குழி தோண்டும்போது கருப்பசாமிக்குக் கொடுக்காமல் நான் ஆள் இறக்க மாட்டேன். மேடத்துக்குத் தெரியும். முதல் நாளே பேசி முடித்துக்கொண்டோம், நான் எலுமிச்சம்பழத்தில் ஆரம்பித்தேன், அவர் எதுவுமே கூடாது என்றார், கடைசியில் நூல் கட்டின கோட்டுக்கு வெளியே, வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு மூடி பிராந்தி, மண்ணில் மட்டும் என்று ஒத்துக்கொண்டார். நல்ல பேரம். நானும் மீறினதில்லை. ஆனால் அந்த வாரம் மூன்றாம் சாடியில் பாதி மண்ணை எடுத்தாயிற்று, மீதி மண்ணை எடுக்க ஆள் உள்ளே இறங்க வேண்டும், இடுப்பு ஒடுங்கின ஆள், என் கூலி ஆட்களில் அது பேச்சிதான், மறுநாள் காலையில் பேச்சி இந்த வாய்க்குள் கால் வைத்து இறங்கி உள்ளே குந்தி உட்கார வேண்டும். ஆள் எந்த வாய்க்குள் இறங்குகிறதோ அந்த வாய்க்குத்தான் கொடுக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே கொடுத்தால் அது யாருக்கோ கொடுத்தது. இதை மேடத்திடம் சொல்ல முடியாது, சொன்னால் காரணம் கேட்பார், காரணம் சொன்னால் காத்தமுத்தைச் சொல்ல வேண்டும்.

காத்தமுத்து என் அண்ணன். எனக்குப் பதினேழு, அவனுக்கு இருபத்திரண்டு. தூர்ந்த கிணறு, ஆறு வருஷமாக இறைக்காதது, தூர் வாரக் கூலிக்கு ஒத்துக்கொண்டு போனோம். இறங்குவதற்கு முன்னால் கிணற்றுக்குள் சாராயம் ஊற்றிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கி எரிகிறதா பார்த்துவிட்டு இறங்குவதுதான் வழக்கம். அவன் பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கி, "கெணத்துக்கு எதுக்குடா, அதுக்கா உடம்பு வலிக்கப் போகுது" என்று தன் வாயில் ஊற்றிக்கொண்டான். சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். கயிறு என் கையில். இறங்கினான், பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கினான், பாட்டு நடுவில் நின்றது, மறந்துவிட்டான் போல என்று நினைத்தேன், வரியை நான் எடுத்துக் கொடுத்தேன். எடுத்துக் கொடுத்தேன். பிறகு கயிறு கையில் லேசாயிற்று. ஒரு ஆள் எடை இருந்த கயிறு ஒன்றுமில்லாத கயிறாகும்போது உள்ளங்கைக்கு எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. விஷக்காற்று என்றார்கள் டாக்டர்கள். சரி, விஷக்காற்றுதான், நான் மறுக்கவில்லை, நானும் நாலெழுத்துப் படித்தவன்தான். ஆனால் ஊற்றியிருந்தால் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். உட்கார்ந்திருந்தால் லாந்தரை இறக்கியிருப்போம். மேடம் சொன்னார் ஒரு நாள், சாறு பொங்கும்போது தொட்டியிலும் சாடியிலும் அந்தக் காற்று சேரும், அப்படி மிதிக்கிறவர்கள் மயங்கி விழுந்து செத்திருக்கிறார்கள் என்று. மேடத்துக்கு அது ஒரு தகவல். எனக்கு அன்றிலிருந்து இந்தத் தொட்டிக்கும் சாடிக்கும் நடுவில் எவனோ ஒருத்தன் முகம் குப்புறக் கிடக்கிறான், குதிரைக்காரனுக்குச் சாறு மிதித்தவன், அவன் பாட்டும் நடுவில் நின்றிருக்கும், வரி எடுத்துக் கொடுக்கத் தம்பி இருந்தானோ என்னவோ.

கடை இல்லை. யாரிடமும் ஒரு குவார்ட்டர் இல்லை, கள்ளத்தனமாக விற்கிறவன் அன்றைக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். கடைசியில் சவரியம்மாவைக் கேட்டேன். பக்கத்து வேதக்கார ஊர், எங்களோடு மண் சலிக்க வருகிற பொம்பளை, கிறிஸ்துமசுக்கு வீட்டில் ரசம் போடுவார்கள், பன்னீர் திராட்சையும் சீனியும் கோதுமையும் போட்டு ஜாடியில் நொதிக்க வைத்து. "மிச்சம் ஒரு பாட்டில் கிடக்கு, மருந்துக்கு வச்சிருக்கேன், கால் பாட்டில் தரேன்" என்றாள். கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் ஏறிப்போன பிறகு நான் இறங்கினேன். தரையை மறுநாள் போட்டோவுக்காகக் கண்ணாடி மாதிரி கூட்டி வைத்திருந்தார்கள், ஒரு சொட்டு விழுந்தால் கறை, மேடம் கண்டுபிடித்துவிடுவார். அதனால் தரையில் சிந்தாமல் சாடியின் வாய் விளிம்பில் சுற்றி ஊற்றினேன். உள்பக்கமாக வழிந்தது. மண் அப்படிக் குடித்தது, ஒரு சத்தம்கூடக் கேட்டது, தாகத்தில் நாக்கு சப்புக்கொட்டுகிற சத்தம், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். புத்தி வேலை செய்யவில்லையே. பதினைந்து வருஷம் திராட்சையில் கிடந்தவனுக்கு, திராட்சையைத் தேடுகிற சாடியில் திராட்சையை ஊற்றுகிறோம் என்று தோன்றவில்லையே. எனக்கு அது மது. சாமிக்குக் கொடுக்கிற மது. எந்த மது என்பது சாமிக்கு முக்கியமில்லை. மறுநாள் மேடம் கையுறை போட்டுக்கொண்டு உள்சுவரைத் தொட்டுவிட்டு, "ஈரமா இருக்கே" என்றார். நான் மேலே நின்றுகொண்டு, "ராத்திரி தூத்தல் மேடம்" என்றேன். அவ்வளவுதான். மூன்று சொல். தார்ப்பாய் போட்டிருந்ததே என்று அவர் நினைத்திருக்க வேண்டும், நினைக்கவில்லை, என்னை நம்பினார், சுரண்டி எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டு எழுதினார்.

தலைக்கு மேலே மண் உதிர்ந்தது. பேச்சி. குழி விளிம்பில் டீ டம்ளரோடு குந்தியிருந்தாள். "என்னண்ணே, கூட்டின எடத்தையே கூட்டிக்கிட்டு இருக்க. பொண்ணு பாக்க வர்றாங்களா" என்றாள். வேலையைப் பார் என்றேன். "மேடம் புதுச்சேல கட்டியிருக்கு. சென்னையிலேருந்து மூணு வண்டியாம், பேப்பர்காரங்க வேற. எப்படியோ, சவரியம்மா வீட்டு ரசம் டிவியில வரப்போகுது." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் மண்கூடையை எடுக்கத் திரும்பி வந்தவள் பார்த்துவிட்டாள். என் முகம் எப்படிப் போயிற்றோ, சிரிப்பை நிறுத்தினாள். "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்ணே. நீ எனக்காகத்தான ஊத்துன. எனக்குத் தெரியாதா." டம்ளரை ஏணிப் படியில் வைத்தாள். "இந்தத் தடவ திராட்சன்னு ஆயிருச்சுன்னா இன்னும் மூணு வருசம் தோண்டுவாங்களாம்ல. என் சின்னவ காலேஜ முடிச்சிருவா." அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டீயை எடுக்கவில்லை நான். ஆடை கட்டுகிறது. அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகவும் சொல்லவில்லை, வெயில் ஏறிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள், அதனால்தான் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்பது பேர். நாற்பது பேரை நான்தான் கொண்டு வந்தேன்.

சரி, பேசாமல் இரு. யாருக்கு நஷ்டம். ஆயிரம் வருஷம் முந்தி எவனோ எதையோ குடித்தான், திராட்சை குடித்தான் என்று எழுதிவிட்டால் அவன் எழுந்து வந்து வழக்கா போடப் போகிறான். மேடத்துக்கு நல்லது, பேச்சிக்கு நல்லது, எனக்கு நல்லது. இப்படித்தான் நேற்று மத்தியானம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நாள் முந்தி மெட்ராசிலிருந்து முடிவு வந்தபோது மேடம் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார், கையைப் பிடித்துக்கொண்டு, முதல் இரண்டு சாடியில் ஒன்றுமில்லை, மூணாவதில் இருக்கு மேஸ்திரி, திராட்சையின் புளிப்பு இருக்கு, புளியங்காயிலும் அந்தப் புளிப்பு உண்டு என்பதால் கறுப்புத் திராட்சைத் தோலின் நிறத்தையும் தேடச் சொன்னேன், அதுவும் இருக்கு என்றார். கறுப்புத் தோல். பன்னீர் திராட்சை. என் மூக்கில் சவரியம்மா வீட்டு ஜாடி வாசம் அடித்தது. அப்போதும் பேசாமல் இருந்தேன். ஆனால் நேற்று, நேற்று மத்தியானம் சாப்பிடும்போது, அதே சாடியிலிருந்து இன்னொரு சில்லு வெளிநாட்டுக்குப் போகிறது, கறைக்கு எத்தனை வயது என்றே அங்கே சொல்லிவிடுவார்கள், மூன்று மாசத்தில் எவனும் வாயைத் திறக்க முடியாது என்று சொன்னார். சோற்றை மூடி வைத்துவிட்டேன். வயதைச் சொல்லிவிடுவார்களாம். போன வருஷத்துத் திராட்சை என்று சொல்லிவிடுவார்கள். இன்றைக்குப் பேப்பர்காரனிடம் சொல்லிவிட்டு மூன்று மாசம் கழித்து அது வந்தால், அந்த மண்டபம், அந்தப் பெரிய ஆள், ஊறுகாய். சாடியில் இவளே ஊற்றிவிட்டு எடுத்தாள் என்பார்கள். இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும். முத்திரை அவருடையது அல்லவா. கோபப்பட்டால் உறுதியாகிவிடும். கோபப்படாவிட்டாலும் உறுதியாகிவிடும்.

அப்படியானால் சொல். எப்படிச் சொல்வது. மேடம், ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயமா. மேடம், நீங்கள் கோபப்படக் கூடாது. எவன் அப்படி ஆரம்பித்தாலும் கோபம் வரும், எனக்கே வரும். பாதி சொல்லலாம், சாடிக்குப் பக்கத்தில் யாரோ ரசம் குடித்தார்கள், சிந்தியிருக்கலாம் என்று. யாரோ. அந்த யாரோவைத் தேடுவார்கள், பேச்சியைக் கேட்பார்கள், சவரியம்மாவைக் கேட்பார்கள். பேரத்தில் முதலில் பேசுகிறவன் தோற்றான், இதுதான் நான் கற்ற ஒரே பாடம், அடி வாங்கிக் கற்றது, எதிராளி வாயைத் திறக்கும் வரை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கோ பார்க்க வேண்டும். ஆனால் இங்கே எதிராளி யார். எனக்கு எதிரே மண் சுவர்தான் இருக்கிறது, சுவரில் கோடு கோடாக மண், கறுப்பு, சிவப்பு, சாம்பல், ஒவ்வொரு கோட்டுக்கும் மேடம் சீட்டுக் குத்தி வைத்திருக்கிறார், இது வெள்ளம், இது தீ, இது ஆள் இல்லாமல் ஊர் கிடந்த காலம். தீப்பிடித்த அன்றைக்கு இந்த ஊரில் எவனெவனோ என்னைப்போல வழி தெரியாமல் நின்றிருப்பான், அதெல்லாம் இன்றைக்கு விரல் கனத்துக்குக்கூட இல்லாத கோடாகிவிட்டது. மூச்சு முட்டுகிறது. குழிக்குள் காற்று இல்லையோ. இருக்கிறது, தார்ப்பாய் அடிக்கிறதே. ஆனால் கீழே இருக்கிறதா. ஒரு தீக்குச்சி கிழித்துப் பார்க்கலாமா, பைத்தியக்காரா, பத்தடிக் குழி, மேலே வானம் திறந்து கிடக்கிறது. உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டேன். இப்போது கயிறு பிடிக்காத கைதான், இருந்தாலும் துடைத்துக்கொண்டேன்.

ஏணி ஆடியது. புதுச்சேலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடம் இறங்கி வந்தார், கரும்பச்சை, கழுத்தில் அளவுநாடா, சேலைக்கும் அதற்கும் ஒட்டவே இல்லை. "நல்லா வந்துருக்கு மேஸ்திரி. ஏறிடுங்க, ஏணிய எடுக்கணும், போட்டோவுல ஏணி விழக் கூடாது" என்றார். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தார். அந்தப் பவுடர்தான் என்னைக் கெடுத்தது. காதுக்குக் கீழே சரியாகத் தேய்க்காமல் ஒரு திட்டு இருந்தது.

"மேடம், அன்னைக்கு ஈரமா இருந்துச்சுன்னு கேட்டீங்கள்ல. அது தூத்தல் இல்ல."

"என்னைக்கு?"

"சாடிய சொரண்டின அன்னைக்கு. மொத நாள் சாயங்காலம் நான் அதுல ரசம் ஊத்தினேன். சவரியம்மா வீட்டு ரசம். கடை அடைப்பு, அதனால பிராந்தி கெடைக்கல. பேச்சி எறங்கணுமேன்னு."

மேடம் கழுத்திலிருந்த அளவுநாடாவைக் கழற்றினார். பிறகு, "எந்தப் பக்கம்?" என்றார்.

"சுத்தி. இந்தப் பக்கம்தான் நெறைய வழிஞ்சது."

"எவ்வளவு?"

"கால் பாட்டில்."

குனிந்து பார்த்தார். நான் காட்டின பக்கத்தில், விளிம்புக்கு ஒரு சாண் கீழே, அவர் சுரண்டின தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தத் தடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டார், கூட்டின தரையில், புதுச்சேலையோடு. ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராக இருந்தேன், காத்தமுத்தைக்கூடச் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. "இத எத்தன பேருக்குத் தெரியும்?" என்றார்.

இந்தக் கேள்வியை எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன். வாங்க முடிவு செய்தவன் கேட்கிற கேள்வி அது, சரக்கின் குறை எவன் எவனுக்குத் தெரியும், தெரிந்தவன் வாயை அடைக்க முடியுமா. "பேச்சிக்குத் தெரியும். சவரியம்மாவுக்குப் பாட்டில் குடுத்தது மட்டும்" என்றேன். தலையை ஆட்டினார். அவர் கண்ணைப் பார்த்தேன், எவன் கண்ணையும் பார்த்து அடிவிலையைச் சொல்லிவிடுகிறவன் நான், அந்தக் கண்ணில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மேலே ஹார்ன் அடித்தது. ஒரு தடவை, பிறகு இரண்டு தடவை. எழுந்தார், சேலையில் மண்ணைத் தட்டவில்லை, ஏணியில் ஏறினார். மேலே போட்டோக்காரன் குரல், "மேடம், ஏணிய எடுத்துரவா", அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, ஏணி என் கண் முன்னாலேயே டீ டம்ளரோடு மேலே போயிற்று, டம்ளர் சாய்ந்து டீ சுவரில் வழிந்தது. நான் ஏறவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. நிழல் விழுந்த மூலையில் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன், போட்டோவில் நான் விழக் கூடாது என்று அப்போதும் ஒரு நினைப்பு.

செருப்புச் சத்தம், நிறைய. இங்கிலீஷ், தமிழ், சிரிப்பு, ஒரு கைத்தடி மண்ணைத் தட்டுகிற சத்தம். வயதான குரல் ஒன்று, மேடத்துக்கு மேலதிகாரியாக இருக்க வேண்டும், எல்லாரும் அதற்கு வழிவிடுவது கேட்டது. "எங்கேம்மா உன் திராட்சைச் சாடி?" இப்போது சொல்லிவிடுவார். அதோ என்று கையை நீட்டினால் முடிந்தது, அவரும் நானும் ஒரே பெட்டியில் கட்டப்பட்டுவிடுவோம், மூன்று மாசத்துக்கு, அல்லது அவர் அந்தச் சில்லை வெளிநாட்டுக்கு அனுப்பவே மாட்டார், அதுவும் ஒரு வழி, அப்படி ஒரு வழி இருப்பது எனக்கு இப்போதுதான் தோன்றியது, அவருக்கு எப்போதோ தோன்றியிருக்கும், படித்தவர். அவர் அனுப்பாமல் இருந்துவிட வேண்டும் என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆசைப்பட்டேன்.

"சார், உங்ககிட்ட மொதல்ல ஒண்ணு சொல்லணும். மூணாம் சாடி முடிவ எடுத்துக்க வேண்டாம். நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"என்னம்மா சொல்ற. இவங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"மாதிரி எடுக்கிறதுக்கு முந்தின நாள் நான் வாய மூடி வைக்கல. வெளியிலேருந்து கலந்துருச்சு. என் கவனக்குறைவுதான் சார்."

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். சின்னச் சிரிப்புத்தான். வெளியிலிருந்து என்றால் எது, எப்படி, யார் என்று ஒரு பேப்பர்காரக் குரல் கேட்டது. இன்னொரு தடவை கேட்டது, மேடம், நீங்களே சேர்த்ததா என்று, விளையாட்டாகக் கேட்பதுபோலத்தான் கேட்டது. அப்போதும் அவர் பதில் சொல்லவில்லை. என் பேர் அவர் நாக்கில் இருந்தது. ஒரு சொல். அதைத் துப்பிவிட்டால் அவருக்கு ஒன்றுமில்லை, கூலிக்காரன் செய்த முட்டாள்தனம், எல்லாரும் ஐயோ பாவம் என்று டீ குடிக்கப் போவார்கள். துப்பவில்லை அவர். எனக்கு அது பொறுக்கவில்லை. நன்றி இல்லை அது, நன்றியே இல்லை, கோபம், யாரைக் கேட்டு என் பழியை இவர் தூக்கிக்கொண்டார் என்று கண்மண் தெரியாத கோபம், அந்தக் கோபத்துக்கு அடியில் பயம்.

"சார்" என்றேன். மார்க்கெட்டில் கூப்பிடுகிற குரலில் மறுபடி, "சார்."

"யாருய்யா அது?" என்றது கைத்தடிக் குரல். சுற்றிலும் பார்த்திருப்பார்கள் போல. பிறகு குழி விளிம்பில் ஒவ்வொன்றாகத் தலைகள் முளைத்தன, வெயிலுக்கு எதிரே, முகம் இல்லாத கறுப்புத் தலைகள், பத்து, பதினைந்து. பேச்சியின் தலை எது, மேடத்தின் தலை எது என்று தெரியவில்லை.

"மேஸ்திரி, வேண்டாம்" என்றது ஒரு தலை.

"மேல வந்து பேசுய்யா" என்றது இன்னொன்று.

ஏணி இல்லை. அதைச் சொன்னால் யாராவது கொண்டுவந்து இறக்குவார்கள், இறக்குவதற்குள் எனக்குப் புத்தி வந்துவிடும், படியேறும் நேரத்தில் பேரம் பேச ஆரம்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் நின்ற இடத்திலிருந்து நடுவுக்கு வந்தேன். கழுத்தை முழுக்க அண்ணாந்தேன், கண்ணில் வெயில் குத்தியது, கையால் மறைக்கவில்லை.

"கலந்தது இல்ல சார். நான்தான் ஊத்தினேன். மேடத்துக்குத் தெரியாது, இப்பத்தான் சொன்னேன்" என்றேன். காமிரா ஒன்று என் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. குழிக்குள் நின்று பேசினால் குரல் நாலு பக்கமும் இடித்துப் பெரிதாகத் திரும்பி வருகிறது, வேறு எவனோ என்னைக் காட்டிக் கொடுப்பதுபோல. "எதுக்குய்யா ஊத்துன?" என்று கேட்டார்கள். என் அண்ணன் ஒருத்தன் இருந்தான் சார் என்று ஆரம்பித்தேன்.